மகிமைக்கும் மகமைக்கும் நடுவில்

அப்பா,

மகிமை என்றால் என்ன? கல் வெட்டுகிறவர் இன்று காலை கேட்டார். உங்கள் கல்லறைக் கல்லில் அவர் சாக்பீஸால் உங்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தூளின் வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது. பெயருக்குக் கீழே "மகிமையில் பிரவேசித்தார்" என்று போடவேண்டும் என்கிறாள் அம்மா. "இறந்தார்" போதும் என்பது என் கட்சி.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. சாலை என்ற கடைத்தெருவில் நம் பாத்திரக்கடையை நடத்தியது அம்மா. நீங்கள் பிரசங்கத்துக்குப் போனீர்கள். சபையின் கன்வென்ஷன் கூட்ட நாட்களில் வந்தவர்களுக்கெல்லாம் சமைத்ததும் அவள்தான். ஒருமுறை மலையாளிப் போதகர் ஒருவர் கை கழுவிக்கொண்டே, "மீன்கறி அஸ்ஸலாயிட்டுண்டு கேட்டோ, சேச்சி" என்று மனதாரப் பாராட்டினார். அம்மா வாய் திறக்குமுன் நீங்கள் சொன்னீர்கள்: "மகிமை கர்த்தருக்கே." அவள் குனிந்து எச்சில் இலை எடுத்தாள்.

தொண்ணூறுகளில் நான் முனைவர் பட்டம் வாங்கியபோதும் அதே வாக்கியம். அந்த வருடக் கன்வென்ஷன் சுவரொட்டியில் உங்கள் பெயர் கர்த்தருடையதைவிடப் பெரிதாக இருந்தது. கேட்டேன். "அது பிரஸ்காரன் செஞ்ச வேல. எனக்கு அதுல என்ன மக்ளே?" என்றீர்கள். பிறகு ஒன்றை நம் வாசல் கதவில் ஒட்டச் சொன்னீர்கள்.

மலையாளச் சபைக்காரர்கள் இதையே "மகத்துவம்" என்பார்கள். நமக்கோ மகத்துவம் என்பது சுக்குக்கும் வேப்பிலைக்கும் உள்ளது. புகழ் அரசியல்வாதிகளுக்கு, ஓங்குவதற்கு. கீர்த்தி பக்கத்து வீட்டுப் பெண்.

சிறுவயதில் மகிமையும் மகமையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். சாலை வியாபாரிகள் விற்பனையில் ஒரு பங்கைச் சங்கத்துக்கென்று எடுத்துவைப்பார்களே, அந்த மகமை. அம்மா கடையில் அதற்கென்று ஒரு தகர டப்பா வைத்திருந்தாள். கர்த்தருக்கும் அப்படித்தான் போய்ச் சேருகிறது என்று நம்பினேன். நீங்கள் என்னைத் திருத்தினீர்கள், பிரசங்க மேடையிலிருந்து, சபை முழுதும் சிரிக்கும்படி. நான் சொன்னது அவ்வளவு தவறில்லை என்று இப்போது தோன்றுகிறது. உழைத்தவள் அம்மா, பெற்றுக்கொண்டவர் கர்த்தர், ரசீதில் கையெழுத்து மட்டும் உங்களுடையது.

சாயங்காலம் இதை அம்மாவிடம் சொன்னேன்.

"செத்தவருகிட்ட என்ன வழக்கு? எல்லாரு கல்லுலயும் கெடக்கு, அவருக்கும் கெடக்கட்டு."

"ஒங்கிட்ட ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொன்னாராம்மா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கல் வெட்டுகிறவருக்கு ஃபோன் செய்து, அம்மா விரும்பியபடியே போடச் சொல்லிவிட்டேன். உங்களை மன்னித்து அல்ல. அவளிடம் வாதாட எனக்கு மனமில்லை.

மறுநாள் நடந்ததையும் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன். கல் வந்தது. அதில் "மகமையில் பிரவேசித்தார்" என்று ஆழமாக வெட்டியிருந்தது. சாலையில் வியாபாரிகள் சங்கக் கட்டிடத்துக்குக் கல்வெட்டுச் செய்தவர் அவர். ஃபோனில் அவர் காதில் விழுந்தது அவருக்குத் தெரிந்த சொல். வேறு கல் தருவதாகச் சொன்னார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். சேலைத் தலைப்பால் கல்லின் தூசியைத் துடைத்தாள்.

"மாத்தண்டாம் மக்ளே. இதுல எனக்க பங்கும் உண்டு."

அப்படியே நட்டோம்.