பிடரி முடி

ஆஸ்டின் டவுன்,
15-6-1938

கூட்டாளியாக இருந்தவனுக்கு,

நீ எதிர்வரிசையில் சலூன் திறந்து நாலு மாதம் ஆகிறது. இது வாழ்த்துக் கடிதம் இல்லை.

உன் சுழல்நாற்காலியைப் பற்றித்தான் தெருவெல்லாம் பேச்சு. பதினெட்டு வருஷமாக நம் கடையில் என் கையால் சவரம் செய்துகொண்ட ரெமிஜியஸ் வாத்தியாரும் உன்னிடம் வந்துவிட்டார். வழியில் பார்த்தபோது, "ஒரு தடவ சுத்திப் பாக்கலாம்னு போனேன்பா" என்றார். மூன்று வாரமாகச் சுற்றுகிறார். சுற்றட்டும். தனியாகத் தொழில் செய்ய ஆசைப்பட்டுப் பிரிந்தவன் நீ. பெரிய கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் என் தலையைத்தான் பார்க்கிறார்கள். முடி காதை மூடிவிட்டது. "உனக்கு வெட்ட ஆள் இல்லியாப்பா?" என்று நேற்று ஒருவர் சிரித்தார். முடி வெட்டுகிறவன் எவனும் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் நீ எனக்கு, நான் உனக்கு என்றுதானே இத்தனை வருஷம் வெட்டிக்கொண்டோம். வேறு ஒருவனிடம் தலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிறு கோயிலில் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாமியார் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. உன் பிடரியில் புதிதாகக் கத்தரி பட்டிருந்தது. இடது காதுக்குப் பின்னால் உனக்கு ஒரு சுழி உண்டு. அங்கே மேலிருந்து வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். குத்திட்டு நின்றது.

நாற்காலியை வைத்துக்கொள். வாத்தியாரையும் வைத்துக்கொள். உனக்கு முடி வெட்டியவன் யார் என்று மட்டும் எழுது.

இன்னும் முடி வெட்டாமல் இருக்கும்,
எதிர்க்கடைக்காரன்