இருபத்தொரு பேர் வேண்டும்

1952 ஜூலை 14, திங்கள்

விதிகள் எழுதி முடித்தாயிற்று. மொத்தம் பதினேழு. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன், சிநேகிதன் பட்டாபி கூட இருந்து எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தான். இன்று மத்தியானம் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மன்றத்தைத் தொடங்கிவிட்டோம். தமிழ் வழக்காடு மன்றம்! எங்கள் லா காலேஜில் ஏற்கெனவே மூட் கோர்ட் உண்டு. இல்லாத ஒரு வழக்கை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள், எல்லாம் இங்கிலீஷில். நாகர்கோவிலிலிருந்து வருகிற கட்சிக்காரன் தன் கஷ்டத்தைத் தமிழில்தானே சொல்லப்போகிறான்? நாங்கள் தமிழில் வாதாடினால் என்ன?

ஏழாம் விதி என் பெருமை. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். கோரம் என்கிற இந்த ஆள்கணக்கு இல்லாத சங்கமெல்லாம் ஒரு சங்கமா? ஒன்பதாம் விதியும் நல்ல விதி. முதல் காரியதரிசியைத் தேர்ந்தெடுக்கும்வரை அமைப்பாளர் தலைமை வகிப்பார். ஓட்டு சமமாக விழுந்தால் மட்டும் அவர் தன் ஓட்டைப் போடுவார். அமைப்பாளர் நான். காரியதரிசியும் நான்தான் ஆகப்போகிறேன், வேறு எவன் நிற்பான்.

ஆகியே தீரவேண்டும். வஞ்சியூர் வக்கீல் அழகியநம்பி ஜூனியர் பிடிப்பது மாணவர் சங்கக் காரியதரிசிகளிலிருந்துதான். சங்கத்தை நடத்தத் தெரிந்தவன் கட்சிக்காரனையும் நடத்துவான் என்பாராம். பட்டாபியின் சித்தப்பா அவரிடம் குமாஸ்தா, அவர் சொன்னது. அழகியநம்பி ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி எங்கள் மன்றத்தைத் திறந்துவைக்கச் சம்மதித்துவிட்டார். எங்கள் வம்சத்தில் வக்கீல் கிடையாது. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். “பாஸாயிட்டு எவன்கூட சேரப்போற? ஒருத்தனும் சேக்கலேன்னா பேசாம கடைக்கு வந்திரு” என்று போன வாரமும் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

நாற்பத்திரண்டு உறுப்பினர்! பெரிய சங்கமாகத் தெரிய வேண்டும் என்று கண்ணில் பட்டவனிடமெல்லாம் நோட்டை நீட்டினேன். ஒரு தமிழ் எழுத்துத் தெரியாத மலையாளி வேலுக்குறுப்பும் சிநேகத்துக்காகக் கையெழுத்துப் போட்டான். லைப்ரரியில் மாணவிகள் மூன்று பேர் இருந்தார்கள், அவர்களையும் விடவில்லை. சாவித்ரி மட்டும் பதினேழு விதிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். படித்த ஒரே ஆள் அவள்தான்.

ஜூலை 19, சனி

மாலை ஆறு மணிக்கு ஹாஸ்டல் ஹாலில் காரியதரிசி தேர்தல். வந்தது பதின்மூன்று பேர்.

பரவாயில்லை என்று ஆரம்பித்தேன். முதல் வருஷத்துத் தாணு எழுந்தான். “ஏழாம் விதிப்படி இருவத்தொரு பேரு வேணும். இருக்காவளா?” என்றான். எல்லாரும் தலையை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். வேறு எந்தக் காலேஜாக இருந்தாலும் கையைத் தட்டிக் காரியதரிசியாக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். சட்டம் படிக்கிற பதின்மூன்று பேரை ஒரு ஹாலில் வைத்துக்கொண்டு விதியை மறந்துவிடு என்றால் நடக்குமா?

கூட்டம் செல்லாது என்று நானே என் வாயால் சொல்லி முடித்தேன்.

ஜூலை 21, திங்கள்

ஏழாம் விதியைத் திருத்திவிடலாம் என்று பார்த்தால், திருத்தத்துக்கும் கோரம் வேண்டும். பதினான்காம் விதி. வேலுக்குறுப்பு மாதிரி ஆட்களை ராஜினாமா செய்யச் சொல்லி மொத்தத்தைக் குறைக்கலாம் என்றால், ராஜினாமாவைப் பொதுக்கூட்டம் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். பன்னிரண்டாம் விதி. தப்பிக்க ஒரு சந்து வைக்கத் தெரியாமல் போய்விட்டதே எனக்கு! பட்டாபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதைதான்.

ஆனாலும் கோபம் இல்லை. ஒரு சின்ன நோட்டில் நான் எழுதிய வரி இத்தனை பேரைக் கட்டிப்போடுகிறது. இதுதானே சட்டம்!

ஜூலை 26, சனி

ஆறு நாளும் ஆள்பிடிப்புதான். கழக்கூட்டம் ஊரில் ஒருவன் அக்காள் கல்யாணத்தில் இருந்தான், பந்தியிலேயே போய்ப் பிடித்தேன், சாப்பாடும் ஆயிற்று. இன்னொருவனுடைய அப்பா பொன்முடி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை, லீவுக்குப் போனவன் பஸ் இல்லை என்று அங்கேயே கிடக்கிறான். அவனை விட்டுவிட்டேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். வேலுக்குறுப்பு, “எனிக்கு ஒண்ணும் மனசிலாகாது, என்னாலும் வரும்” என்றான். புரியாவிட்டாலும் வருவானாம். வந்தான், பாவம்.

மாலை ஆறு மணி. எண்ணினோம். பதினெட்டு.

தாணு மூன்று தரம் எண்ணினான். மூன்று தரமும் பதினெட்டுதான்.

ஜூலை 28, திங்கள்

லைப்ரரியில் சாவித்ரியும் எலிசாளும் சுசீலாபாயும் இருந்தார்கள். மூன்று பேர் குறைந்தது என்று புலம்பிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனேன். மூன்று பேர்! அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். எலிசாள் நாகர்கோவில்காரி, பெண்கள் விடுதியில் இருக்கிறாள். விடுதிக் கதவு ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள் என்றாள். சாவித்ரியின் வீடு கரமனை. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி நிதானமாகச் சொன்னாள்:

“ஆறு மணிக்கு, அதுவும் ஆம்பளைகள் ஹாஸ்டல்ல கூட்டம் போட்டா நாங்க எப்படி வருவோம்? கணக்குக்கு எங்க பேரு மட்டும் போறும்னு நெனச்சேளா?”

அப்படித்தான் நினைத்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. நேரமும் இடமும் அமைப்பாளர் இஷ்டம், அதற்கு விதிகூடக் கிடையாது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு லைப்ரரி வராந்தாவில் என்று அப்போதே நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். பதினெட்டும் மூன்றும் இருபத்தொன்று. கூத்தாட வேண்டும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

எழுதக் கை ஓடவில்லை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தொரு பேர். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தாணு எண்ணிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். பட்டாபி, கோமதிநாயகம் என்று என் பெயரை முன்மொழிந்தான். வேறு யாராவது உண்டா என்று ஒப்புக்குக் கேட்டேன், பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன், மினிட்ஸ் நோட்டில் என் பெயரை எழுத. எலிசாள் எழுந்தாள். “நான் சாவித்ரிய முன்மொழியுதேன்.” சுசீலாபாய் வழிமொழிந்தாள்.

சாவித்ரி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை. அவளுக்கும் அழகியநம்பி கதை தெரியும். பெண் வக்கீலை எந்தச் சீனியரும் ஜூனியராக எடுக்க மாட்டார், அவளுக்கும் இது ஒன்றுதான் வாசல். அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

பட்டாபியின் டிபன் பாத்திரத்தில் சீட்டுப் போட்டார்கள். தலைமை வகிப்பதால் எனக்கு ஓட்டு இல்லை. இருபது சீட்டு. தாணு பிரித்து வாசித்தான். சாவித்ரி பத்து. கோமதிநாயகம் பத்து.

ஒன்பதாம் விதி! போட்டி வரும் என்று நினைத்தா அதை எழுதினேன்? அமைப்பாளரே வேட்பாளராகவும் இருந்து, ஓட்டும் சமமாக விழுமென்று எவன் கண்டான்?

பட்டாபி காதோரம் வந்தான். “விதி ஒனக்கு ஓட்டுக் குடுத்திருக்கு. ஒனக்கே போட்டுக்கோ, அது தப்பே இல்லை” என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரி. ஓட்டுப் போடாமல் இருந்தால் இன்று முடிவு இல்லை, ஒன்பதாம் தேதிக்குள் இன்னொரு கூட்டம் கூடாது, அழகியநம்பி வரமாட்டார். வேறு ஒருவனைத் தலைமைக்கு வைக்கவும் விதி இல்லை.

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது. முதல் வருஷம் முதல் வாரம் சொல்லித் தருகிறார்கள். பரீட்சைக்கு அழகாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். சாவித்ரி தன் சீட்டில் தன் பெயரைத்தான் எழுதியிருப்பாள், அது உறுப்பினர் உரிமை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் வேறு.

மிளகாய் மூட்டை கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு எழுந்து, “தலைவரின் ஓட்டு சாவித்ரிக்கு” என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் வேலுக்குறுப்புதான் முதலில் கைதட்டினான், என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. சாவித்ரி நன்றி சொல்லவில்லை. மேஜைக்கு வந்து, “மினிட்ஸ் நீங்க எழுதறேளா, நான் எழுதட்டுமா?” என்றாள். நோட்டைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று வீரனாக இருந்தது யார்? இன்று மடையனாக இருக்கிறேன். ஏம்லே அப்படிச் செய்தே? பட்டாபி பேசமாட்டேன் என்கிறான். அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று, இன்னொரு தரம் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

திறப்பு விழா! வராந்தா கொள்ளவில்லை, கோரத்துக்கு ஆள் தேடிய இடமா இது? புதுக் காரியதரிசி முதல் வழக்கை எடுத்துவைத்தாள்: நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் புருஷன் செத்த பிறகு, மருமக்கள்வழி என்று அவனுடைய சகோதரி பிள்ளைகளான மருமகன்கள் சொத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், விதவைக்கும் பிள்ளைகளுக்கும் என்ன பங்கு? விதவை கட்சிக்கு என்னை நிறுத்தினாள். எங்கள் பெரியத்தைக்கு நேர்ந்ததேதான் இது, வாசித்தா பேச வேண்டும்? இருபது நிமிஷம் தமிழில் பேசினேன். இங்கிலீஷில் பேசும்போது நான் வேறு ஆள், இன்றுதான் தெரிந்தது. தீர்ப்புச் சொன்ன அழகியநம்பி என் கட்சியைத் தோற்கடித்தார். வாதம் பலம், ஆதாரம் பலவீனம் என்றார். எனக்கு அது உறைக்கவே இல்லை, காதெல்லாம் இரைந்துகொண்டிருந்தது.

போகும்போது அவர் சாவித்ரியைக் கூப்பிட்டுப் பேசினார். பரீட்சை முடிந்ததும் ஆபீஸுக்கு வரச் சொன்னாராம். அவளே வந்து என்னிடம் அதைச் சொன்னாள். சந்தோஷம் என்றேன். முக்கால்வாசி உண்மை.

1954 ஜூன் 14, திங்கள்

பாஸான பிறகும் எந்த வக்கீலும் ஜூனியராகச் சேர்க்கவில்லை. கடை மாடியில் நானே போர்டு மாட்டிவிட்டேன். வருகிற கட்சிக்காரர்களெல்லாம் தும்முகிறார்கள்.

1955 பிப்ரவரி 10, வியாழன்

இன்று தீர்ப்பு. நான் ஆரம்பம் முதல் கடைசிவரை தனியாக நடத்திய முதல் வழக்கு. என் கட்சிக்காரர் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை பிச்சையா. கடையைக் காலிசெய்யச் சொல்லி வழக்குப் போட்ட கட்டிட முதலாளிக்கு வக்கீல் அழகியநம்பி, ஆனால் ஆறு மாதமும் எழுந்து நின்றது சாவித்ரி. முன்சீப் முதல் நாள் அவளை மேலும் கீழும் பார்த்தவர், போன வாரம் அவள் வாதாடும்போது குறிப்பெடுத்தார்.

தோற்றுவிட்டேன். நல்ல தோல்வி, ஒவ்வொரு இஞ்சுக்கும் அவளைப் பாடுபடுத்தினேன். வெளியே வந்து, “அந்த வாடகைச் சீட்டை எங்கேந்து பிடிச்சேள்? என்னை ஒரு வாரம் தூங்க விடலை” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிச்சையா மட்டும் சிரிக்கவில்லை, நியாயம்தான்.

சாயங்காலம் அப்பா கல்லாவிலிருந்தே கேட்டார். சொன்னேன்.

“எதிர்க்கட்சிக்கு நின்னது அந்தக் கரமனைப் பொண்ணா?”

“ஆமா.”

“அம்புட்டுக் கெட்டிக்காரியா?”

“ஆமா.”

அப்பா மிளகாயைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். “பின்னே நம்ம குடோன் கேச அவகிட்டயே குடுத்திருவோமா?”

குடோன் கேஸ் கட்டு என் மேஜையில்தான் கிடக்கிறது. மாடிக்கு வந்து பிச்சையாவுக்கு அப்பீல் மனு எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் ஆகிவிட்டது.