வலது மார்பில் ஒரு பதக்கம்

அன்பு மருமகனே,

எந்த ஜீவனும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்வேன் என்று அரசரின் கிரீடத்தின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

என் பதக்கங்களெல்லாம் இடது மார்பில் இருக்க, வீரத்துக்கான அந்த வெள்ளிப் பதக்கம் மட்டும் ஏன் வலதில் என்று கேட்டிருந்தாய். திங்களன்று பட்டாளத்தில் சேர்ந்து கொரியா போகத் துடிக்கிறவன் கேட்க வேண்டியதுதான்.

இத்தாலியில் நான் தேநீர்க் கெண்டியைத் தூக்கிக் காட்டியதும் ஏழாயிரம் ஜெர்மானியர் சரணடைந்தார்கள். அதற்குக் கிடைத்த பதக்கங்களின் கனத்தில் இடப்பக்கமே சாய்ந்து சாய்ந்து நடந்து, நம் ஊர் டர்ஹாமுக்குக் கிளம்பியவன் அயர்லாந்தில் போய் நின்றேன். சமநிலைக்காக ஒன்றை வலதுக்கு மாற்றினேன்.

தோளுக்குப் பின்னால் நின்று படித்த உன் அம்மா, "அண்ணே, இப்பவாவது அவன்கிட்ட ஒழுங்கா பேசு" என்கிறாள். அவளுக்கு நீ ஒரே பிள்ளை.

சரி. செத்தவரின் பதக்கத்தை அவர் வீட்டார்தான் வலதில் குத்திக்கொள்வார்கள். அது என்னோடு படையில் இருந்த நார்மனுடையது. குண்டடிபட்ட என்னைச் சுமந்து வந்ததற்காக அவனுக்குக் கொடுத்தார்கள். மறுவாரமே அவன் போய்விட்டான். "இதைப் போட்டுக்க என் வீட்ல இனி யாரும் இல்லப்பா" என்று அவன் அம்மாதான் என் கோட்டில் குத்திவிட்டாள். அப்போது அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் தேவாலய மணி தானாக அடித்தது.

மணி அடித்தது பொய். கை நடுங்கியது நிஜம்.

இப்படிக்கு,
உன் மாமா