நீ காலி செய்த லயத்து வீடு

அக்கா,

இன்று காலை எஸ்டேட் லயத்து வரிசையில் நீ குடியிருந்த வீட்டுக்குள் நுழைந்ததும் புதுப் பெயிண்ட் வாடை அடித்தது. சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்காக அதை விடுதியாக மாற்றிவிட்டார்கள் எஸ்டேட்காரர்கள். மெத்தை விரிக்க என்னை அனுப்பினார்கள். நீ கஞ்சி காய்ச்சிய மூலையில் இப்போது ஆளுயரக் கண்ணாடி. அங்கேயே துப்பிவிடலாமா என்றிருந்தது.

உன்னை வேலையை விட்டு எடுத்தது எதற்காக? தேயிலைக் கொழுந்து ஈரமாக இருக்கிறதென்று சூப்பர்வைசர் எடையில் கழித்துக்கொண்டே வந்தார். "ஈரத்துக்குக் கழிக்கிறீங்களே, மழையில நனையிற எங்களுக்கு என்னத்தக் கூட்டிப் போடுவீங்க?" என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டாய். அதற்கு ஒழுங்கீனம் என்று பெயர் வைத்தார்கள்.

வேலை பார்த்த வருஷங்களுக்கான கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வரும்வரை லயத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். நமக்கு இருக்கும் ஒரே பிடி அந்த வீடுதான். உனக்கா தெரியாது? ஆனால் அதுவரை "ஏய்" என்று கூப்பிட்ட மேனேஜர் அன்று உன் வாசலுக்கே வந்து, "சேச்சி, வீட்டை ஒழிஞ்சு தாங்க. பைசா ஞான் சரியாக்கித் தராம்" என்றார். அக்கா முறை வைத்த அந்த ஒரு சேச்சியில் உருகிப்போனாய். "மரியாதையாக் கேக்குறாருடி, மல்லுக்கா நிக்கிறது?" என்று சட்டி பானையைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கீழே போடியிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

அதன்பின் அந்த ஆளுக்கு உன்னை அடையாளமே தெரியவில்லை. நீ ஜீப் பிடித்து இங்கே சூரியநெல்லிக்கு ஏறி வந்து ஆபீஸ் வாசலில் நிற்பாய். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். மூட்டு வலி மருந்துக்கு மகளிடம் காசு கேட்கக் கூச்சப்பட்டு, வாங்காமலே வலியோடு நடந்தாய். நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள் ஆபீசுக்கு வந்தாள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்கிறார்கள். உயிரோடு எதிரே நின்றவளுக்குக் கொடுக்காதவர்கள், செத்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். தூ! இவர்களும் சோறுதானே தின்கிறார்கள்?

அடுத்த மாதம் எனக்கும் ஓய்வு. நேற்று மேனேஜர் சிரித்துக்கொண்டே என் வாசலுக்கு வந்தார். "அக்கா பணத்த அவ மக கையில குடுங்க சார். பெறகு என் பணம். அதுக்குப் பெறகு வீட்டப் பத்திப் பேசுவோம்" என்றேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கடைசியாக நீ ஆபீசுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஜீப்பில் ஏறியபடி, "நீயாவது எறங்கிராதடி" என்றாய். அது என் காதிலேயே இருக்கிறது. இறங்காவிட்டால் வீட்டுக் கரண்டைப் பிடுங்குவார்களாம். பிடுங்கட்டும். இருட்டிலும் எனக்குச் சோறு பொங்கத் தெரியும். உன் பணம் வராமல் நான் இறங்க மாட்டேன், அக்கா.