ஏழு வருஷம் கழித்துச் சாக வேண்டியவர்

ஆடி 4, சனி

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. நான் பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகையில் நாலைந்து பிள்ளைகள்தான், மற்றதெல்லாம் அம்மாக்களோடு லயத்தில். தொட்டில் துணி துவைத்தேன். காயவில்லை.

தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரான என் வீட்டுக்காரரைக் காட்டுக் கம்யூனிஸ்ட்டுகள் கொண்டுபோய் ஒரு மாதம். ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், அதனால் கண்ணால் பார்த்தவர் சொன்னதை மட்டும் எழுதி வைக்கிறேன். பார்த்தவர் கொழுந்தன் மாரிமுத்து. பக்கத்து நிரையில் மரம் சீவிக்கொண்டிருந்தாராம். "மூணு பேரு, அண்ணி. தொப்பில நட்சத்திரம். அண்ணன் கைய பின்னால கட்டிட்டாங்க. நான் மரத்துக்குப் பின்னால குந்திட்டேன், அண்ணி." அவ்வளவுதான். பட்டாளம் போய்த் தேடியது. ஒரு செருப்பு கிடைத்தது.

மத்தியானம் இன்சூரன்சு ஏஜெண்டு பொன்னையா சிரம்பானிலிருந்து மோட்டார் சைக்கிளில். யாழ்ப்பாணத்துக்காரர். நனைந்து வந்தார், தேத்தண்ணி கொடுத்தேன். ஊரடங்குக்கு முன்னால் திரும்ப வேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்தார். பாலிசிப் பணம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"தங்கச்சி, உடம்பு கிடைக்காட்டி ஏழு வருஷம் பொறுக்க வேணும். அதுவரைக்கும் சட்டத்துக்கு அவர் உயிரோடதான் இருக்கிறார்."

"அப்ப தவணைப் பணம் சார்?"

"உயிரோட இருக்கிறவர் கட்டத்தானே வேணும்."

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தவை:

உடம்பு இருந்தால் டாக்டர் சர்டிபிகேட், பிறகு பணம்.
உடம்பு இல்லையென்றால் ஏழு வருஷம். தவணை நிற்கக் கூடாது.
தவணை தவறினால் ஒரு மாதம் சலுகை. எங்களுக்கு அது இந்த ஆடி 20 வரை.
அதற்குப் பிறகு பாலிசி செத்துப்போகும். மூன்று வருஷம் கட்டியிருந்தால் ஏதாவது தேறுமாம். நாங்கள் இன்னும் அத்தனை கட்டவில்லை.

மனுஷன் சாக ஏழு வருஷம். பாலிசி சாக ஒரு மாதம். அதற்கு உடம்பும் கேட்க மாட்டார்கள்.

ஆடி 6, திங்கள்

வெயில். கேட்டில் சோதனை. வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பிடி சோறு இருக்கக் கூடாது, காட்டுக்காரனுக்குப் போகுமாம். பாப்பாத்தியின் முந்தானையில் மூன்று பிஸ்கட், அதையும் பிடுங்கினார்கள்.

தோட்டத்து ஆபீஸ் கிராணி ஐயா கொட்டகை வாசலில் வந்து நின்றார். "அஞ்சலை, மண்டோர் வூடு புது மண்டோருக்கு வேணும்னு தொர சொல்றாரு லா. மாசக் கடைசி வரைக்கும் நான் பேசிப் பாக்குறேன்." நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களிடமிருந்துதான் எல்லாக் கெட்ட செய்தியும் வருகிறது.

பாலிசிப் பணம் வந்தால்: ரந்தா டவுனில் ஒரு அறை. பழைய தையல் மெஷின் ஒன்று. மகள் கமலத்துக்குப் பள்ளிக்கூடம். வராவிட்டால் நானும் அவளும் மாரிமுத்து வீட்டு அடுப்படியில் பாய் போட வேண்டியது.

மா.மு. கெட்டவர் இல்லை. ஆனாலும் அடுப்படி.

ஆடி 10, வெள்ளி

அம்மனுக்குக் கூழ். ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

பொன்னையா மறுபடி வந்தார். யாரோ வக்கீலைக் கேட்டாராம். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். ஏழு வருஷத்துக்கு முன்பே கோர்ட் ஒத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறதாம். துப்பாக்கி முனையில் கொண்டுபோனதற்குச் சாட்சி வேண்டும். வீட்டுக்காரர்களே அவர் செத்துவிட்டதாக நம்பியிருக்க வேண்டும்.

"கருமாதி செய்தனீங்களோ?"

கேட்டுவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் துடைக்க ஆரம்பித்தார். பொட்டை அழித்துவிட்டு வா, பணம் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை அவரால். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அவர் போன பிறகு அழுதேன். என் வீட்டுக்காரருக்காக அழுதேனா, பணத்துக்காக அழுதேனா, தெரியவில்லை.

மா.மு.: "செஞ்சிருவோம் அண்ணி. அண்ணன் ஆத்மா காட்டுல அலையுது. எனக்குத் தூக்கமே இல்ல."

சரி என்றேன். சொன்ன வாயை அறைய வேண்டும் போலிருந்தது.

ஆடி 13, திங்கள்

செய்தாகிவிட்டது.

உடம்பு இல்லாதவருக்குப் புல்லில் உருவம் கட்ட வேண்டும். தருப்பைக்கு எங்கே போவது? லாலான் புல்லை அறுத்து வந்து கட்டினார்கள். அவருடைய காக்கிச் சட்டையை அதற்குப் போட்டேன். பொத்தான் நான்தான் மாட்டினேன். கமலம், "அப்பா சட்டைய ஏன் புல்லுக்குப் போடுற?" என்றாள். கடைசிப் பொத்தானை மாட்டினேன்.

வேலிக்கு வெளியே நெருப்பு வைக்கக் கூடாது. ஆகவே முள்கம்பிக்கு உள்ளே, பால் வாளிகள் வைக்கும் காண்டாக்கொட்டகைக்குப் பின்னால். கேட் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு நின்று பார்த்தான், யார் யார் வந்தார்கள் என்று எழுதிக்கொண்டான். பச்சைப் புல், ஒரே புகை. எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர், அதனால் என் அழுகை தனியாகத் தெரியவில்லை.

ஆடி 20, திங்கள்

வீட்டுக்குள்ளேயே. தீட்டு. கொட்டகைக்கும் போகவில்லை, பாப்பாத்தி பார்த்துக்கொள்கிறாள்.

இன்று தவணைச் சலுகை முடிகிற நாள். அரிசிப் பானையில் பணத்தை முடிச்சு போட்டு வைத்திருந்தேன். மா.மு.விடம் சிரம்பானுக்குக் கொண்டுபோய்க் கட்டச் சொன்னேன்.

"என்னா அண்ணி, செத்தவருக்கு எதுக்குக் காசு கட்டணும்? தீட்டு வூட்டுக் காசு வாசல் தாண்டக் கூடாது. பதினாறு முடியட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. நெருப்பு வைத்த கையோடு போய், உயிரோடு இருக்கிறார் என்று பணம் கட்டினால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? முடிச்சைத் திரும்பப் பானைக்குள் போட்டேன். பொன்னையாவும் வரவில்லை. கோலா சாவா ரோட்டில் லாரியைச் சுட்டார்களாம், ரோடு மூடியிருக்கிறது.

ஆடி 28, செவ்வாய்

தாலி இறங்கியது. எழுத ஒன்றுமில்லை.

கழுத்து லேசாக இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆவணி 3, திங்கள்

போலீஸ் ஜீப். என்னையும் கமலத்தையும் ரந்தா ஸ்டேஷனுக்கு. ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு சார்ஜன்ட், நம்மவர்.

"ஒம் புருசன் செத்துட்டான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலிங்க."

"யாரும் சொல்லாம எப்படிக் கருமாதி செஞ்ச? பட்டாளத்துக்கே தெரியாது, ஒனக்கு எப்படித் தெரியும்? காட்டுலேருந்து ஆளு வந்தானா?"

இன்சூரன்சு என்றேன், கோர்ட் என்றேன், பொன்னையா என்றேன். சார்ஜன்ட் எதை மொழிபெயர்த்தாரோ, இன்ஸ்பெக்டர் முகம் மாறவே இல்லை. காட்டோடு தொடர்பு என்று எழுதினால் விசாரணையே இல்லாமல் உள்ளே. பிறகு கப்பலேற்றி ஊருக்கு. எந்த ஊருக்கு? நான் பிறந்தது இந்தத் தோட்டத்தில்.

சார்ஜன்ட் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, தெரியாதுன்னு சொல்லு. உசுரோட இருப்பாருன்னு நெனைக்கிறேன்னு சொல்லு. புள்ளய பாரு."

பிள்ளையைப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள்.

"உசுரோடதான் இருப்பாருங்க," என்றேன். வெள்ளைச் சேலையோடு, வெறுங்கழுத்தோடு. இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார், கையெழுத்துப் போட்டேன்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். அதற்காவது நடுவில் கொஞ்சம் குச்சி இருக்கும்.

ஆவணி 5, புதன்

வீடு மாறினோம். மா.மு. வீட்டு அடுப்படி. புகை, கரப்பான். அவர் பெண்சாதி முகம் கொடுத்துப் பேசவில்லை. லயத்தில் காதில் விழுந்தது: "இருக்காருன்னு போலீஸ்ல சொன்னாளாம். அப்ப எதுக்குத் தாலிய அறுத்தா?" இன்னொருத்தி: "காட்டுக்காரனோட போயிட்டாரு லா, இவளுக்குத் தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். துணியைப் பிழிகிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

ஆவணி 7, வெள்ளி

தூறல். பிள்ளைகளுக்குப் பால் மாவு கரைக்கும்போது பொன்னையா வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

போலீஸில் கொடுத்த வாக்குமூலம் இருக்கும்போது கோர்ட் வழி இனி இல்லையாம். பாலிசியும் ஆடி 20-ஆம் தேதியோடு போய்விட்டது. நான் மடியில் செருகி வைத்திருந்த பானை முடிச்சை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். இப்போது கட்டுகிறேன், சேர்த்துக் கட்டுகிறேன், ஏழு வருஷமும் கட்டுகிறேன், எப்படியாவது உயிர் கொடுங்கள் என்றேன். காலில் விழவும் தயங்கியிருக்க மாட்டேன்.

"புதுப்பிக்கலாம் தங்கச்சி. அதுக்கும் சட்டத்தில இடம் இருக்கு," என்றார். முடிச்சைத் தொடவில்லை.

"என்னா செய்யணும் சார்?"

"நாள் தவறினபடியால் பாலிசிக்காரர் தானே வர வேணும். டாக்டர் பாக்க வேணும். உடம்பு சுகமாயிருக்கு எண்டு அவரே கையெழுத்து வைக்க வேணும்."

கரைத்த பால் கையில் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன.

"அவரு வந்துட்டா எனக்கு இன்சூரன்சு எதுக்கு சார்?" என்று கேட்டேன்.