வரிசையில் அமர மறுத்த சேனாதிபதி

மங்கலம் பெருகுக. முகில்மலைக்கு அதிபதியும், முத்தாற்றின் இருகரைக்கும் காவலும், பகைவர் உறக்கம் கெடுப்பவரும், தம் காலை உறக்கம் கெடுவதைப் பொறாதவருமான மகாராணி எழினிமாதேவி, நம் சேனாதிபதியும் தாய்மாமனுமான மழவரையருக்கு விடுக்கும் ஓலை. உமது வாளும் மீசையும் கூர் குன்றாதிருக்க.

நம் பொது நூலகத்துக்கு வௌவால்களன்றி வருவார் எவருமில்லை, ஆதலால் அதை யானைக்கொட்டிலாக்கித் தருக என்று நீர் விண்ணப்பித்தீர், நாமும் இசைந்தோம். நூலகத் தலைவி நறுவீ மட்டும் அறுவடை வரை தவணை கேட்டாள். தவணை பெற்றவள் வாசிப்பு மண்டபத்தில் வீடியோ கேம் திரைகளை நிறுவி, யாவரும் இலவசமாய் ஆடலாம், ஆயினும் வரிசையில் அமர்ந்தே முறை பெற வேண்டும் என்று அறிவித்தாள். ஊரே திரண்டது. காத்திருந்தோர் பொழுது போகாமல் அலமாரிகளைத் துழாவினர். சிலர் புத்தகங்களை வீட்டுக்கும் கொண்டு போயினர்.

இது கல்விக்கு இழுக்கு என்று நீர் வீரர் புடைசூழச் சென்று திரைகளை அணைக்கச் சொன்னீராம். கோட்டை முற்றுகை என்னும் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்த சலவைக்காரர் மாசிலான், மதில் ஏறிவிட்டேன், சற்றே பொறுத்தருள்க என்று வேண்டினாராம். மெய்க்கோட்டையில் அப்படி ஏற முடியாது என்று நீர் அதட்ட, அப்படியாயின் தாங்களே ஏறிக் காட்டுக என்று ஆட்டத்தின் விசைப்பிடியை நீட்டினாராம். போர்கள் பல வென்ற நீர் ஏறினீர்; அகழியில் விழுந்தீர். மறுபடி ஏறினீர், முதலை தின்றது. உம் வீரர்கள் வாய்பொத்திச் சிரித்ததை மன்னித்தோம். கேட்ட நாமோ வாய்பொத்தவும் இல்லை.

இன்னொரு முறை கேட்ட உம்மை, வரிசையின் கடைசியில் போய் அமருங்கள் என்று நறுவீ அனுப்பிவைத்தாள். எரிச்சலில் கைக்குக் கிட்டிய புத்தகத்தைப் பிரித்தீர். அது பிரிந்த காதலர் இருவரின் கதை. உமது முறை வந்து நறுவீ அழைத்தபோது, சும்மா இரு பெண்ணே, அவள் படகு கிளம்பப் போகிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீராம். மாமா, எம் அன்னை மறைந்த நாளிலும் உம் கண் கலங்கக் கண்டதில்லை. அதைக் கேட்டபின் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது உமது புது விண்ணப்பம் வந்திருக்கிறது. கொட்டில் வேண்டாவாம், சேனாதிபதி ஆதலால் வரிசையின்றி ஆட உரிமை வேண்டுமாம்.

ஆகவே நம் கட்டளை: நூலகம் நூலகமாகவே நிற்கும், திரைகளும் நிற்கும், நீர் வரிசையில் அமர்வீர். மீறி ஒருவரை முந்தினாலும், அந்தப் படகு கரை சேர்ந்ததா இல்லையா என்பதை, நீர் இன்னும் முடிக்காத அக்கதையை முன்னமே படித்து முடித்த நாம், நகரெங்கும் முரசறைந்து அறிவிப்போம். முதல் முரசு உமது மாளிகை வாசலில் முழங்கும்.

இது நம் ஆணை. முகில் முத்திரை பதித்தோம்.