அலைக்கு லீவு இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் தேவலையா? நான் நலம்.

கடலும் பாட்டும் ஆட்டமுமாய் இருக்கலாம் என்றுதானே இந்தக் கடற்கரை டான்ஸ் பார்ட்டி வேலைக்கு வந்தேன்? ஸ்பீக்கர் சுமந்தே இடுப்பு ஒடிகிறது. சோற்றிலும் மணல். நேற்றுதான் முதல்முறையாக லீவு. சட்டை மாற்றிக்கொண்டு நானும் ஆடப் போனேன். உடனே முதலாளி கத்தினார்.

“டேய், அலை வருது! ஸ்பீக்கரைத் தூக்கு!”

“இன்னிக்கு எனக்கு லீவு சார்!”

“அலைக்கு லீவு இல்லடா!”

தூக்கினேன், வழுக்கி விழுந்தேன். ஸ்பீக்கர் தப்பித்தது. மணிக்கட்டில் லேசான வீக்கம், பயப்படாதே. இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து கோணல். ஆடிய கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தைலம் அனுப்பு. “போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாடா?” என்று திட்டி, போனில் ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பு. அக்கறையாகத் திட்ட இங்கே ஆள் இல்லை.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மகன்